ரோஸ்லின் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

போன வாரம் யாங்கோனில், கியாக்டடா பகுதியில் பஸ்ஸுக்காக நடைபாதையோரம் நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் போயிருந்தது. கடைக்குக் கடை வாசலில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்கு நடுவே எங்கிருந்தோ கார்பாலிக் சோப்பு வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால், பிளாஸ்டிக் விரிப்பில் சீப்பு, ஊக்கு, டார்ச் பேட்டரி இவற்றோடு சிவப்பு சோப்புக் கட்டிகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் பஸ் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, போயும் விட்டது. வாங்கப்போகிறாயா, முகர்ந்துவிட்டுப் போகப்போகிறாயா என்பதுபோல அந்த அம்மாள் பார்த்தார். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு கட்டி வாங்கினேன். எனக்கு அந்த சோப்பு ஆகாது. தேய்த்த அரைமணி நேரத்தில் முழங்கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

மல்லிகை வாசனையில், மண் வாசனையில் எல்லாம் பிரியமானவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு ஆஸ்பத்திரிக் குளியலறை வாசனையில்தான் வருகிறது. என் ராசி அப்படி.

அப்போது எனக்கு இருபது வயது முடிந்திருந்தது. கியாக்டடாவில் ஒரு குறுக்குச் சந்தில், மூன்றாம் மாடியில், துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதலாளி தமிழ் முஸ்லிம். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். நாங்கள் பாய் என்போம். என்னுடைய டைப்பிங் திறமையைப் பற்றிச் சொல்வதென்றால், நான் அடித்த பில்லைப் பார்த்துவிட்டு பாய் ஒரு நாள், "இது எந்த பாஷை தாயி?" என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். அந்தப் பில்லை வாங்கி, வாய் திறக்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தவள்தான் பக்கத்து மேஜை ரோஸ்லின் அக்கா.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தாகேதாவில் வீடு. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலில்தான் அவளும். ஆனாலும் ஆபீஸில் சேர்ந்த பிறகுதான் நெருக்கம். மற்றப் பெண்கள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, சந்தனம்போல ஒரு குளிர்ந்த வாசனையோடு வருவார்கள். ரோஸ்லின் அக்காவிடம் மட்டும் இந்தச் சிவப்பு சோப்பு வாசனை. விரல்கள் ஊறி, நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருக்கும். பல நாள் நான், ஏதோ வீட்டில் துணி நிறையத் துவைக்கிறாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் கைப்பேசி கிடையாது. தெருமுனையில் ஒரு மேஜை, அதன்மேல் பூட்டுப் போட்ட தொலைபேசி, பக்கத்தில் ஒரு குடை, குடைக்கடியில் ஒரு அக்கா. ஊரின் பாதி வாழ்க்கை அந்த மேஜைகளில்தான் நடந்தது. யாருக்காவது அழைப்பு வந்தால், மாடியிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுப்பாள் அந்த அக்கா. மேலே மணி அடிக்கும். மற்றவர்களுக்குக் காதல், கல்யாணம், சரக்கு என்று அழைப்பு வரும். ரோஸ்லின் அக்காவுக்கு வரும் அழைப்புகளோ எப்போதும் ஒரே மாதிரி. கீழே ஓடுவாள், கேட்பாள், மேலே வந்து பாயிடம் மெதுவாக ஏதோ சொல்வாள், பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அக்காவுக்கு யாரோ ஒரு ஆள் இருக்கிறார் என்று நான் எனக்குள் ஒரு கதையே கட்டி வைத்திருந்தேன். அதில் அந்த ஆளுக்கு மீசைகூட வைத்திருந்தேன்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். சிரித்துவிட்டு, "சனிக்கிழமை வா, காட்டுறேன்" என்றாள்.

அவள் காட்டியது நுவேயை. தமிழ்ப் பெயர் லதா. ஆனால் வீட்டிலும் தெருவிலும் பர்மியப் பெயரால் நுவே என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் எடுத்து, எங்கள் ஞாயிறு பள்ளியில் படித்த பெண். எல்லைப்புறத்துக்கு வேலைக்குப் போய், சில வருடம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்திருந்தாள். வந்த நோய்க்குப் பெயர் உண்டு. அந்த நாளில் அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அந்த நோய்" என்பார்கள், சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். மருந்து என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதாம், நம்மைப்போன்றவர்களுக்குக் கிடைக்காதாம் என்று பேசிக்கொண்ட காலம். அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டின் பின்னால் விறகு போடும் கொட்டகையில் ஒரு கோரைப்பாய், ஒரு தட்டு. தட்டைக் குச்சியால் தள்ளுவார்களாம்.

ரோஸ்லின் அக்கா அங்கே முதலில் ஜெபம் பண்ணத்தான் போயிருக்கிறாள். நுவே, ஜெபமெல்லாம் அப்புறம் பண்ணலாம், தலை அரிக்கிறது, கொஞ்சம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறாள். ஊற்றிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"யாரு, நுவேயா?"

"அவதான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் அவ மட்டும் இல்லைன்னு தோணிச்சு."

தாகேதா பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில், இரண்டு அறை உள்ள ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்து நுவேயைக் கொண்டு வந்து வைத்திருந்தாள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மா கின். பர்மியப் பெண், புத்த மதம், டெல்டா பக்கத்து ஊர். எல்லோரும் அக்காவை சயாமா என்பார்கள். பர்மியில் டீச்சர் என்று பொருள். காலையில் கஞ்சி வைத்து, உடம்பு துடைத்து, படுக்கை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, பஸ் பிடித்து ஆபீஸுக்கு வந்து என் பில்லையும் சேர்த்து டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் விளக்கேற்றி, தமிழில் பரமண்டல ஜெபம் சொல்வாள். தமிழ் தெரிந்தவள் அங்கே நுவே ஒருத்திதான். மற்றவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது, வாசற்படியிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரச்சொல்லி அக்கா வற்புறுத்தவில்லை. ஒரு கிண்ணம் வெங்காயத்தைக் கொண்டு வந்து மடியில் வைத்து, "இத உரிச்சுக் குடு" என்றாள். உரித்துக்கொண்டே எப்போது உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது.

பாயிடம் விஷயத்தைச் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்று அக்கா நின்றபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பாய் தாடியைத் தடவினார். "என்னோட ஆளுகளுக்குத் தொழுகைக்கு நேரம் விடுறேன்ல. இதும் அது மாதிரிதான். அரைநாள் வா" என்றார். எங்கள் கோயிலில் அந்தப் பேச்சை யாராவது அன்றைக்குப் பேசியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

கோயில் என்று சொன்னேன் இல்லையா, அதையும் சொல்ல வேண்டும். செங்கல் கட்டிடம், உயரமான ஜன்னல்கள், பக்கவாட்டில் ஒரு வராந்தா. எங்கள் பாட்டன்மார்கள் கப்பலில் வந்து கட்டியது. ஜப்பான் போரின்போது பாதி ஜனம் நடந்தே இந்தியாவுக்குப் போய்விட்டது, அப்புறம் மிச்சத்தில் பாதி கப்பல் ஏறிப் போய்விட்டது. மீந்து நின்ற குடும்பங்கள்தான் நாங்கள். அந்தக் கோயிலைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தவர் கமிட்டிச் செயலாளர் தங்கதுரை அங்கிள். கூரையில் ஓடு மாற்ற ஏணியில் ஏறுவார். வௌவால் விரட்டுவார். தமிழ் வாயில் வராத பிள்ளைகளுக்கு, அ, ஆ-விலிருந்து ஆரம்பித்து வேதபாடம் சொல்லிக்கொடுப்பார். எனக்குத் தமிழ் எழுத வந்ததே அவரால்தான். நுவேக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தவர். கெட்ட மனுஷர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

நுவே கொஞ்சம் தேறி, எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. கோயிலுக்குப் போக வேண்டும். அக்கா ஒரு சைக்காவில், நம் சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி, ஏற்றி அழைத்து வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நற்கருணைக்கு நேரம் வந்தது. எங்கள் கோயிலில் அப்போது திராட்சை ரசத்துக்கு ஒரே பாத்திரம்தான். முழங்காலிட்டிருக்கும் ஒவ்வொருவர் உதட்டிலும் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், அதையே வைப்பார். அக்கா யோசித்துத்தான் வந்திருந்தாள். எல்லோரும் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, கடைசியாக நுவேயைக் கூட்டிக்கொண்டு போனாள். நுவே குடித்த பிறகு அதே பாத்திரத்தில் அக்கா குடித்தாள்.

யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. அந்தப் பாத்திரத்தால் அந்த நோய் பரவாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதையும் கமிட்டியில் சொல்லியாயிற்று. ஆனாலும் அடுத்த ஞாயிறு முன்வரிசையில் பலர் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது பேச்சு ஆரம்பித்தது. இவளுக்கு எதுக்கு இந்த வேலை. கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு. ஊழியம் செய்ய ஐயர் இல்லையா, ஆம்பளைகள் இல்லையா. பேர் வாங்கப் பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து யாரோ ஏதோ அனுப்புகிறார்களாம். என் அம்மாவும்கூட அந்தக் கும்பலில் நின்று "அதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். இழுத்த வேகத்தில் என் செருப்பு அறுந்தது. வழியெல்லாம் ஒற்றைச் செருப்போடு நியாயம் பேசிக்கொண்டு நடந்தேன்.

கமிட்டி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தது. வழிபாடு முடிந்து, பெஞ்சுகளுக்கு நடுவிலேயே நின்று பேசினார்கள். தங்கதுரை அங்கிள் குரலை உயர்த்தவில்லை. ஊழியம் செய்வதை வேண்டாம் என்று சொல்லவில்லை, கோயிலில் குழந்தைகள் இருக்கின்றன, ஜனம் பயந்து வராமல் போனால் இந்தத் தமிழ்க் கோயிலை யார் நடத்துவது, அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே வந்து ஐயர் ஜெபம் பண்ணட்டும் என்றார். அவர் பயம் நிஜமான பயம். அன்றைக்கே எங்களில் பத்துப் பேர் குறைந்தால் பாட்டு பாட ஆள் கிடையாது.

அக்கா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் டாக்டர் சொன்னதைக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், எதையாவது உடைத்திருப்பேன். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அவ தினமும் கேக்குறா அங்கிள். 'இன்னிக்கு ஞாயிறா சயாமா'ன்னு புதன்கிழமையே கேக்குறா. இனிமே கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

அங்கிள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், வராந்தாவில் உட்காரட்டும், பாட்டும் பிரசங்கமும் கேட்கும் என்றார். அதை அவர் ஒரு கருணையாகத்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். அக்காவிடமிருந்து ஞாயிறு பள்ளி வகுப்பை எடுத்துவிட்டார்கள். பாடகர் குழுவிலும் நிற்க வேண்டாம் என்றார்கள். எதற்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை. கோயிலை விட்டுப் போகவும் இல்லை. வேறு சபைக்காரர்கள் வந்து, எங்களிடம் வந்துவிடு என்று கூப்பிட்டபோதும் போகவில்லை. "கோவிச்சுக்கிட்டுப் போனா அப்புறம் நான் போனதுதான் பேச்சா இருக்கும். நுவேயை மறந்துருவாங்க" என்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. யாங்கோன் மழையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்; பெய்கிறது என்று சொல்ல முடியாது, கொட்டிக் கவிழ்க்கிறது. வராந்தாவில் இரண்டு நாற்காலி. நுவே போர்வையைச் சுற்றிக்கொண்டு, அக்காவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே நற்கருணை முடிந்தது. எங்கள் ஐயர் வயதானவர், சாது. கமிட்டி நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். வௌவாலுக்கே பயப்படுவார். அவர் அன்றைக்குப் பாத்திரத்தைப் பீடத்தில் வைக்காமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்து வெளியே இறங்கிவிட்டார். அந்தக் கதவுக்கும் வராந்தாவுக்கும் நடுவே கூரையில்லாத வெட்டவெளி. வாசலோரம் இருந்த நான் கையில் கிடைத்த குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பாத்திரத்தில் ஒரு சொட்டு மழை விழுந்துவிடக்கூடாது என்கிற ஒரே நினைப்பில் குடையை முழுசாகப் பாத்திரத்துக்கே பிடித்தேன். ஐயர் தொப்பலாக நனைந்தார். அந்த வாரம் முழுக்கத் தும்மினார் என்று கேள்விப்பட்டேன்.

நுவேக்குக் கொடுத்தார். அக்காவுக்குக் கொடுத்தார். மீந்திருப்பதைக் குருவானவரே குடித்து முடிப்பது எங்கள் முறை. அந்த மழையில், நனைந்த அங்கியோடு நின்றபடியே, நுவே வாய் வைத்த பாத்திரத்திலிருந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். தங்கதுரை அங்கிளும் பார்த்தார்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஐயர் அப்படித்தான் வெளியே வந்தார். மழைக்காலம் முடியும்போது அவரை ஊருக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்கு மாற்றிவிட்டார்கள். வயதாகிவிட்டது, சின்ன சபை, சிரமமில்லாமல் இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஒருமுறை நானும் அக்காவும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டைச் சுற்றிச் சுரைக்கொடி போட்டிருந்தார். அக்கா, என்னால் உங்களுக்கு இப்படி ஆயிற்றே என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் பயந்த மனுசன்மா. அன்னிக்கு மழைச் சத்தத்துல என் பயம் எனக்கே கேக்கல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். வரும்போது ஆளுக்கொரு சுரைக்காய் கொடுத்தார். நாலு மாதத்தில் அங்கேயே இறந்துபோனார்.

புதிதாக வந்தவர் வராந்தாவுக்கு வரவில்லை. அக்காவும் நுவேயும் வந்து உட்கார்ந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, ஜனம் வெளியே வருவதற்கு முன் எழுந்து போனார்கள். நுவே கேட்டதை நான் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். கோபமாகக் கேட்கவில்லை. பர்மியில், ஏதோ கடையில் சாமான் தீர்ந்துபோனதைக் கேட்பதுபோல, "இன்னிக்கு நமக்கு இல்லையா?" என்றாள். அக்கா அவள் நெற்றியில் கை வைத்து, "இன்னிக்கு இல்ல" என்றாள்.

அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது என்பதையும் நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் கதையில் வந்த மீசைக்காரர் நிஜமாகவே இருந்தார். ஆனால் மீசை கிடையாது. செல்வின் என்று பெயர், பள்ளி ஆசிரியர். சிங்கப்பூருக்குப் போவதற்கு எல்லாம் கூடிவந்திருந்தது. நல்லவர். ஓடைக்கரை வீட்டுக்கு வந்து ஜன்னல் கதவெல்லாம் சரிபண்ணிக் கொடுத்தவர். அவர் அம்மாதான் முடியாது என்றார். கடைசியில் அவரும், நானா அந்த வீடா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. மனிதர் பல வருடம் காத்திருந்தார். நிச்சயச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அக்கா பஸ் ஏறவில்லை. தாகேதா பாலத்தின்மேல் நடந்தோம். வேலை முடிந்து திரும்பும் கூட்டம், சைக்கிள், சைக்கா எல்லாம் எங்களை உரசிக்கொண்டு போயின. நடுப்பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான் தப்பாக் கேட்டுட்டேனோ?" என்றாள். "கூப்பிட்டது நெசந்தானா? எல்லாரும் தப்புன்னு சொல்றாங்களே. அத்தனை பேரும் தப்பா இருப்பாங்களா? நான் ஒருத்திதான் சரியா?"

அந்த வருடங்களில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வேதமும் அவ்வளவு தெரியாது, வாழ்க்கையும் தெரியாது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றேன். அழுது முடித்தாள். ஜெபம் பண்ணினாளா, ஏதாவது பதில் வந்ததா, எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரமாயிற்று, மா கின்னுக்கு மருந்து கொடுக்க வேண்டும், கஞ்சிக்கு நொய் அரிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். நடந்தாள். விசுவாசம் என்று பிரசங்கங்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால், பதில் கிடைக்காத ஒரு பெண் பாலத்தின் மறுபாதியை நடந்து கடந்ததுதான் கண்ணில் வருகிறது.

நுவே அந்தக் குளிர்காலத்தில் இறந்தாள். காலை வேளை, கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. முந்தின இரவு முழுக்க ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியேதான் பேசினாளாம். அடக்கத்துக்குப் புதிய ஐயர் வந்தார், சுருக்கமாக முடித்தார். கோயிலிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தோம். என் அம்மா வந்திருந்தாள். குழி மூடும்போது அக்காவின் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். தங்கதுரை அங்கிள் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தின நாளே யாரோ ஆள் வைத்துக் குழி வெட்டி, சுற்றிப் புல்லைச் செதுக்கி வைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் அந்த வீடு பல வருடம் ஓடியது. யார் யாரோ வந்தார்கள், பலர் இறந்தார்கள். அக்கா ஞாயிறுதோறும், கூட்டி வர நோயாளி யாராவது இருந்தாலும் இல்லாவிட்டாலும், வராந்தாவிலேயே உட்கார்ந்தாள். உள்ளே வா என்று பின்னால் சிலர் கூப்பிட்டார்கள். சிரிப்பாள், உட்கார்ந்திருப்பாள். பிடிவாதக்காரி என்று அதற்கும் பேச்சு வந்தது. பிறகு மருந்து நிஜமாகவே கிடைக்க ஆரம்பித்தது. மா கின் தேறினாள். தேறினவள் ஊருக்குப் போகாமல் அக்காவுக்குக் கூடமாட இருந்துவிட்டாள். கிடந்தவர்கள் எழுந்து, தையல் வேலைக்கும் சமையல் வேலைக்கும் போனார்கள். வீட்டில் விரித்த படுக்கைகள் குறைந்துகொண்டே வந்தன. அது எங்களுக்குச் சந்தோஷமான காலம். எந்தக் கமிட்டியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்காவும் எதிர்பார்க்கவில்லை.

தங்கதுரை அங்கிள் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினபோது நான் வழியனுப்பப் போனேன். எல்லோரிடமும் விடைபெற்று முடித்து, காரில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். "அந்தப் பிள்ளை சௌக்கியமா?" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. சௌக்கியம் அங்கிள் என்றேன். தலையை ஆட்டினார். இன்னும் ஏதோ சொல்ல வந்ததுபோல் வாயைத் திறந்தார், மகள் கூப்பிட்டுவிட்டாள். அவரும் அங்கேயே காலமாகிவிட்டார்.

கொள்ளைநோய் வந்த அந்த மழைக்காலத்தைப் பற்றி நீண்டு எழுத எனக்குத் தெம்பில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு தெருத்தெருவாக ஜனம் வரிசையில் நின்றது. அக்கா அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். வேண்டாம் அக்கா என்று நான் போனில் கெஞ்சினேன். அன்றைக்கு என் குரலும் அந்தக் கமிட்டியின் குரல் மாதிரிதான் இருந்திருக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டுப் போய் அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள்.

ஒரு வாரம்தான் படுத்தாள். செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, தொண்டர் படைப் பையன்கள் வெள்ளை உடை மாட்டிக்கொண்டு அவளை வெளியே கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் பர்மியப் பையன்கள். ஐயர் யாரும் வர வழியில்லை. கிட்டே வரவும் விடவில்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வண்டி. என்ன மதம் என்று ஒருவன் கேட்டான். கிறிஸ்தவம் என்றேன். அப்படியானால் ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள், நாங்கள் நிற்கிறோம் என்று சொல்லி, தலையைக் குனிந்து நின்றார்கள். எத்தனை வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததோ அவர்களுக்கு. பிறந்ததிலிருந்து சொல்லும் ஜெபத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அப்போது வாசற்படியிலிருந்து மா கின் ஆரம்பித்தாள். பரமண்டல ஜெபம், தமிழில். அவளுக்குத் தமிழ் தெரியாது. அர்த்தம் தெரியாது. இத்தனை வருடம் விளக்கேற்றும் வேளையில் கேட்டுக் கேட்டு, சத்தத்தை அப்படியே மனப்பாடம் பண்ணி வைத்திருந்திருக்கிறாள். எழுத்துகள் இடம் மாறின, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஆனால் அக்கா எங்கெங்கே மூச்சு விடுவாளோ அங்கங்கே நிறுத்தி, ஆமென்வரை சொல்லி முடித்தாள். வண்டி கிளம்பியது.

இப்போது அந்த மரவீடு இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. மா கின் தன் ஊருக்குப் போனாள். அந்தப் பக்கம் நிலைமை சரியில்லை, ஒரு வருடமாகப் பேச்சுத் தொடர்பு இல்லை. பாய் காலமாகி, ஆபீஸை மூடி, பிள்ளைகள் மலேசியாவில் இருக்கிறார்கள். தெருமுனைத் தொலைபேசி மேஜைகள் போனது எப்போது என்றே யாருக்கும் ஞாபகமில்லை. இளசுகள் எல்லாம் எப்படியாவது நாட்டை விட்டு வெளியே போகப் பார்க்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோயிலில் தமிழ் ஆராதனை மாதத்தில் ஒரு ஞாயிறு என்று ஆகி, இப்போது அதுவும் நின்றுவிட்டது. பர்மிய ஆராதனைக்குத்தான் போகிறேன். நல்ல மனிதர்கள், உட்கார இடம் கொடுக்கிறார்கள்.

அக்காவைக் குறை சொன்னவர்கள்மேல் எனக்குப் பல வருடம் ஆறாத கோபம் இருந்தது. இன்னாருக்கு இன்ன பதில் என்று மனதுக்குள் ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். இப்போது அவர்களில் யாராவது ஒருவர் இருந்தால் தேவலை என்றிருக்கிறது. யாராவது ஒரு கிழவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ரோஸ்லின் பண்ணின அழும்பு இருக்கே என்று ஆரம்பிக்க மாட்டாளா. நான் குரலை உயர்த்திச் சண்டைக்குப் போக மாட்டேனா. போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். கதவு பூட்ட வந்த புதுக் காவல்காரர், யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று பர்மியில் மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் பூட்டிக்கொள்கிறேன் என்றார். சரி என்று இறங்கி வந்தேன்.